முன்னுரைக்கே முக்கால் மணி நேரம் போகிறது, டீச்சர்!

(வாசகியின் பெயரும் ஊரும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்க்கப்பட்டுள்ளன.)

பாம்பன் தீவில் உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து 25 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறார். வேதியியலில் இளங்கலை முடித்த இவர், வீட்டிலிருந்தபடியே மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறார். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறார். சென்னையில் ஒரு பயிற்சி மையம் நடத்தும் மாதிரித் தேர்வுகளை எழுதி, தாள்களைப் படம் பிடித்து அனுப்பித் திருத்தி வாங்குகிறார்.

கட்டுரைத் தாளில்தான் சிக்கல். "முன்னுரை ஈர்ப்பாக இல்லை" என்று சிவப்பு மையில் எழுதித் தாள் திரும்பி வந்திருக்கிறது. அதிலிருந்து முன்னுரை என்றாலே இவருக்குக் கை நடுக்கம். எழுதுவதும் அடிப்பதுமாக முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விட, கடைசித் தேர்வில் இரண்டாவது கட்டுரை பாதியில் நின்றுவிட்டது. நல்ல மேற்கோளில் தொடங்கினால்தான் மதிப்பெண் என்று சீனியர் ஒருவர் சொல்ல, ஒரு நோட்டு முழுக்க மேற்கோள்களை எழுதி மனப்பாடம் செய்துவருகிறார். ராமேஸ்வரம், பாம்பன் என்றெல்லாம் எழுதினால் அடையாளம் காட்டியதாகச் சொல்லித் தாளையே ஒதுக்கிவிடுவார்கள் என்று தோழி பயமுறுத்தியிருக்கிறார். "எங்க வீட்டுத் தமிழ் கடற்கரைத் தமிழ், டீச்சர். மேடையில பேசுற மாதிரித் தமிழ் எனக்கு வராது. எந்தத் தலைப்புக்கும் பொருந்துற முன்னுரைகள்னு ஒரு பிடிஎஃப் 1,500 ரூபாய்க்கு விக்கிறாங்க. வாங்கலாமா?" என்று கேட்டு, தான் எழுதிய ஒரு முன்னுரையையும் இணைத்திருக்கிறார்.

தலைப்பு, 2022ஆம் ஆண்டு முதன்மைத் தேர்வில் வந்த ஒன்று: துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் கப்பல் அதற்காக இல்லை. இவர் எழுதிய முன்னுரை, கலாம் சொன்னதாகச் சொல்லப்படும் கனவு பற்றிய வாசகம் ஒன்றில் தொடங்கி இப்படிப் போகிறது:

"மனித வாழ்க்கை ஒரு கடல். அதில் இன்பமும் துன்பமும் அலைகளாக மாறி மாறி வருகின்றன. இன்றைய நவீன உலகில் மனிதன் எண்ணற்ற சவால்களைச் சந்திக்கிறான். முயற்சி உடையார் இகழ்ச்சி அடையார் என்பது நம் முன்னோர் வாக்கு. எனவே துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

இனி, வாசகிக்கு.

உங்களுக்கு எழுத வருகிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் நடுவில், வேறு ஏதோ சொல்லிக்கொண்டு வரும்போது இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கச்சான் ஓய்ஞ்சு வாடை பிறக்கப் போகுது. அப்பா படகைத் தென்கடலுக்கு மாத்திக் கட்டிட்டாங்க." அந்த இரண்டு வரியில் இருக்கும் தெளிவு, முன்னுரையில் நீங்கள் எழுதிய ஒரு வாக்கியத்திலும் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நாம் பேச வேண்டியது.

தேர்வாணையம் என்ன கேட்கிறது?

கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டு பிரிவுகளிலிருந்து ஒவ்வொரு தலைப்பாக இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொல், 125 மதிப்பெண். இது உங்களுக்குத் தெரியும். பாடத்திட்டத்தில் கட்டுரைத் தாளுக்கென்று இருக்கும் சில வரிகளை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சந்தேகம். தலைப்பை விட்டு விலகாமல் எழுத வேண்டும், எண்ணங்களை ஒழுங்காக அடுக்க வேண்டும், சுருக்கமாக எழுத வேண்டும், சொல்ல வந்ததைப் பயனுள்ள முறையில் துல்லியமாகச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு என்று அங்கே இருக்கிறது. ஈர்க்க வேண்டும் என்று இல்லை. மேற்கோள் வேண்டும் என்றும் இல்லை.

உங்கள் தாளைத் திருத்தியவர் "ஈர்ப்பாக இல்லை" என்று எழுதியதற்குப் பதில் "தலைப்பைத் தொடவில்லை" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. ஈர்ப்பு இல்லை என்றதும் நீங்கள் அலங்காரத்தைக் கூட்டினீர்கள். பத்தி தலைப்பிலிருந்து இன்னும் விலகிப் போனது.

முன்னுரை செய்ய வேண்டிய வேலை மூன்று. தலைப்பு எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்று காட்ட வேண்டும். அந்தக் கேள்விக்கு என் பதில் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை எந்த வழியாக நிறுவப் போகிறேன் என்று ஒரு கோடு போட்டுவிட வேண்டும். இது புதிதாக வந்த பாடமும் இல்லை. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் (அந்த நூலுக்குரிய முன்னுரை) சொல்ல வேண்டியவை என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது. அதில் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற மூன்றும் உங்கள் முன்னுரைக்கும் அப்படியே பொருந்தும். எதைப் பற்றி, யாருக்கு, எதற்காக என்பது முதல் பத்தியிலேயே துலங்கிவிட்டால் திருத்துபவர் நிம்மதியாக அடுத்த பத்திக்குப் போவார்.

இதில் இரண்டாவது வேலைதான் பெரும்பாலான தாள்களில் காணாமல் போகிறது. பதில் என்ன என்று எழுதுபவருக்கே இன்னும் தெரியாத நேரத்தில் முன்னுரை எழுதப்படுகிறது. தெரியாததை மறைக்க மேற்கோள் வருகிறது, "இன்றைய நவீன உலகில்" வருகிறது. முக்கால் மணி நேரம் எழுதி எழுதி அடித்தது சொல் கிடைக்காததால் என்று நினைக்கிறீர்கள். என் கணிப்பு வேறு. கப்பல் கிளம்ப வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதில் உங்கள் கருத்து என்ன என்று நீங்கள் அதுவரை முடிவு செய்யவில்லை. அதனால்தான் எந்த வாக்கியமும் சரியாகப் படவில்லை.

உங்கள் பத்தியை வரிவரியாகப் பார்ப்போம்

மேற்கோள் கனவைப் பற்றியது. தலைப்பு கனவைப் பற்றியது அல்ல, பாதுகாப்புக்கும் பயனுக்கும் உள்ள இழுபறியைப் பற்றியது. இரண்டுக்கும் பாலம் போட நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கலாம் உங்கள் ஊர்க்காரர், அவர் மேல் உங்களுக்கு இருக்கும் பற்று எனக்குப் புரிகிறது. அந்தப் பற்றுக்காகவே சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் அவர் படத்தோடு சுற்றும் வாசகங்களில் எது அவர் சொன்னது, எது யாரோ ஒட்டியது என்று நம்மால் பிரித்தறிய முடியாது. எந்த உரையில், எந்த நூலில் என்று தெரியாத வாசகத்தை அவர் வாயில் வைக்காதீர்கள்.

"மனித வாழ்க்கை ஒரு கடல்" என்கிறீர்கள். கடலை நாள்தோறும் பார்க்கும் நீங்கள் எழுதும் வரியா இது? அலை மாறி மாறி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காற்றில் எந்தக் கரையில் அலை எழும் என்று உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலைப் பார்க்காதவர் எழுதும் கடலை நீங்கள் ஏன் எழுத வேண்டும்?

"இன்றைய நவீன உலகில்" என்ற வரியை நேராகவே அடித்துவிடலாம். எதையும் சொல்லவில்லை. பழமொழி வரியும் அப்படித்தான், அதோடு அது உங்களுக்கே எதிராக நிற்கிறது. முயற்சி நல்லது என்று முன்னோர் வாக்கை வைத்தே முடிவு சொல்லிவிட்டால், மீதி 1000 சொல்லில் ஆராய என்ன இருக்கிறது?

கடைசி வரி பள்ளிக்கூடம் கொடுத்த பழக்கம். பத்தாம் வகுப்பில் குறிப்புச் சட்டகத்தைப் பார்த்து எழுதும்போது "இக்கட்டுரையில் காண்போம்" என்று முடித்தால் போதும். அங்கே பதினைந்து வயதுப் பிள்ளை ஒழுங்காக அடுக்குகிறதா என்று பார்க்கிறார்கள். இங்கே ஒரு மாவட்டத்தை நிர்வகிக்கப் போகிறவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்கிறார்கள். காண்போம் என்பதற்குப் பதில் என்ன கண்டீர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சோதனை சொல்லித் தருகிறேன், எந்த முன்னுரைக்கும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பத்தியின் கடைசி வரியில் "துறைமுகத்தில் நிற்கும் கப்பலை" எடுத்துவிட்டு "பெண் கல்வியை" என்று வையுங்கள். பத்தி அப்படியே நிற்கிறது. "இணையப் பாதுகாப்பை" என்று வைத்தாலும் நிற்கும். தலைப்பை மாற்றியும் உடையாத முன்னுரை அந்தத் தலைப்புக்கு எழுதப்பட்டதே அல்ல. 1,500 ரூபாய்க்கு விற்கிறார்களே எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரைகள், அவற்றின் குறையே அந்த விளம்பர வரியில்தான் இருக்கிறது.

கடிதத்துக்குள் இருந்த முன்னுரை

இப்போது உங்கள் அப்பா படகை மாற்றிக் கட்டிய விஷயத்துக்கு வருகிறேன். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்று வடகடல், இன்னொன்று தென்கடல். வாடை என்ற வடகிழக்குக் காற்று அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் அப்படியே தலைகீழ். அதனால் நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துப் படகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றுகிறார்கள்.

தலைப்பு, நிற்பது பாதுகாப்பு, கிளம்புவது பயன் என்று இரண்டாகப் பிரிக்கிறது. உங்கள் அப்பாவின் படகு அந்தப் பிரிவினைக்குள் அடங்கவில்லை. அது பயந்து நிற்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கிளம்பவும் இல்லை. இந்தத் தலைப்புக்கு உங்களால் மட்டும் தர முடிகிற பதில் இது. எழுதிப் பார்க்கிறேன்:

"பாம்பன் தீவின் மீனவர்களுக்குக் கடல் இரண்டு. வாடைக் காற்றில் வடக்கே பாக் விரிகுடா கொந்தளிக்கும்போது நாட்டுப்படகுகள் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு மாறுகின்றன. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் திரும்பி வருகின்றன. அவர்கள் புயலோடு மோதுவதில்லை, தொழிலை விடுவதும் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பாதுகாப்பானது என்ற கூற்று, பாதுகாப்பையும் பயணத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறது. கப்பல் கிளம்பத்தான் வேண்டும். ஆனால் எப்போது, எந்தத் திசையில், எந்தத் தயாரிப்போடு என்ற அறிவு இல்லாமல் கிளம்புவது துணிச்சல் ஆகாது. தனிமனிதரின் தேர்வுகளிலும், தொழில் முனைவிலும், ஒரு நாட்டின் பொருளாதார, வெளியுறவு முடிவுகளிலும் இந்த அறிவே இடரைப் பயனாக மாற்றியிருக்கிறது."

இதில் மேற்கோள் இல்லை. கடினமான சொல் ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று, அடுத்துத் தலைப்போடு ஒரு வாதம், பிறகு என் நிலைப்பாடு, கடைசியில் கட்டுரை போகும் வழி. இதில் கப்பலை எடுத்துவிட்டுப் பெண் கல்வியை வைக்க முடியாது.

இன்னொரு வாசலும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த துறை அது. ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பயணிகள் ரயிலையும் கடல் அடித்துக்கொண்டு போனது. துறைமுகம் பாதுகாப்பானது என்ற முதல் பாதியையே மறுக்க இதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆனாலும் நான் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தனுஷ்கோடியில் தொடங்கினால் "எங்கும் பாதுகாப்பு இல்லை" என்ற இடத்தில் கட்டுரை நின்றுவிடும் ஆபத்து உண்டு. அங்கிருந்து 1000 சொல் நகர்த்த நல்ல அனுபவம் வேண்டும். அதோடு, அத்தனை பேர் உயிர் போன ஓர் இரவை முதல் பத்தியில் எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே திரும்பாமல் போனால் அது வெறும் அலங்காரமாகிவிடும். எடுத்தால் கட்டுரையின் நடுவிலும் அதற்கு வேலை கொடுக்க வேண்டும்: எச்சரிக்கை அமைப்பு, பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டு, பேரிடர் மேலாண்மை என்று.

உங்கள் தமிழைப் பற்றிய கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடற்கரைத் தமிழில் "மாத்திக் கட்டிட்டாங்க" என்பதைத் தேர்வில் "மாற்றிக் கட்டுகிறார்கள்" என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வாடை, கச்சான் போன்ற சொற்களை அப்படியே எழுதலாம். எந்த மாதத்துக் காற்று, எந்தத் திசைக் காற்று என்பது அந்த வாக்கியத்திலேயே விளங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திருத்துபவர் கொங்கு நாட்டுக்காரராகவும் இருக்கலாம்.

ஊர்ப் பெயர் எழுதினால் தாளை ஒதுக்குவார்களா?

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. விடைத்தாளில் அதற்கென்று ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் உங்கள் பெயர், பதிவெண், உங்களை அடையாளம் காட்டும் குறிப்பு எதையும் எழுதக் கூடாது. மீறினால் நடவடிக்கை உண்டு. நன்னூல் சொன்ன எட்டில் முதலில் நிற்கும் ஆக்கியோன் பெயருக்குத் தேர்வுத் தாளில் இடம் கிடையாது.

ஆனால் பாம்பன், தனுஷ்கோடி, மன்னார் வளைகுடா எல்லாம் நாடறிந்த ஊரும் கடலும். அவற்றைப் பற்றி டெல்லிக்காரரும் எழுதலாம், நீங்களும் எழுதலாம். "பாம்பனைச் சேர்ந்த மீனவரின் மகளாகிய நான்" என்று எழுதுவதுதான் வம்பு. விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த வரியால் கட்டுரைக்கு ஒன்றும் கிடைக்காது. திருத்துபவரிடம் இரக்கம் கேட்பது போல ஆகிவிடும். மேலே நான் எழுதிய பத்தியில் "என் அப்பா" எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குத் தெரிந்தது பத்தியில் இருக்கிறது, நீங்கள் இல்லை. "நான் பார்த்திருக்கிறேன்" என்ற வரியையும் இந்தத் தேர்வில் தவிர்த்துவிடுங்கள்.

ஊரைப் பற்றி எழுதினால் கட்டுரை லோக்கல் ஆகிவிடுமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. உள்ளூரில் தொடங்கி உள்ளூரிலேயே முடிந்தால்தான் அந்தக் குறை. முதல் பத்தி முடிவதற்குள் பொதுக் கேள்விக்கு வந்துவிட்டால் அது பலம்.

தமிழில் எழுதுவது குறித்து ஒரு விதியையும் நினைவூட்டுகிறேன். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் கட்டுரை எழுதலாம். அது உங்கள் உரிமை, அதற்காகத் தயங்க வேண்டாம். கலைச்சொல் வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் தரலாம். அந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறைக்க இடமுண்டு. ஆகவே முன்னுரையில் ஆங்கில மேற்கோளை அப்படியே எழுதி வைக்கும் வேலை வேண்டாம். உங்கள் நோட்டில் அப்படிப் பல இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

மேற்கோள் நோட்டை என்ன செய்வது?

மேற்கோளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு குறளை எடுத்து, அது இந்தத் தலைப்போடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று அடுத்த வரியிலேயே பேச முடிந்தால் தாராளமாக எழுதுங்கள். பேச முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இதுதான் அளவு.

மனப்பாடம் செய்யும் நேரத்தை வேறொன்றுக்குத் திருப்பச் சொல்வேன். செய்தி நோட்டு ஒன்று போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி, அதன் கீழே அந்தச் செய்தி எழுப்பும் கேள்வி. உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்:

— மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தலைமுறையாகத் தீவுப் பக்கம் பாசி எடுத்த பெண்களுக்கு அங்கே தடை வந்தது. இயற்கையைக் காப்பதன் செலவை யார் ஏற்பது?

— 2000க்குப் பிறகு மண்டபம் பக்கம் பரவிய கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு பல வீடுகளுக்கு வருமானம் கொடுத்தது. அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு தீர்வு அடுத்த சிக்கலாக மாறும்போது அரசு என்ன செய்ய வேண்டும்?

— கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. இன்றைய வருமானத்தை நாளைய மீனுக்காக நிறுத்தி வைப்பது கடலோரத்தில் நடைமுறையாகவே இருக்கிறது. காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் நாடுகளால் ஏன் இது முடியவில்லை?

— 2018இல் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை ராமநாதபுரமும் விருதுநகரும். சராசரியாக முன்னேறிய மாநிலத்துக்குள் பின்தங்கிய மாவட்டம் எப்படி உருவாகிறது?

ஒவ்வொன்றும் பல தலைப்புகளுக்கு வாசலாகும், ஆனால் தலைப்புக்குத் தலைப்பு நீங்கள் வேறு வாக்கியம் எழுதியாக வேண்டும். பிடிஎஃப்பில் விற்கும் முன்னுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். பிடிஎஃப் வாங்கிய எல்லாருமே அதே வாக்கியத்தைத்தான் எழுதப் போகிறார்கள். கட்டுக்கட்டாகத் திருத்துபவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆண்டையும் எண்ணையும் நோட்டில் எழுதும்போது அரசு வெளியீட்டிலோ பாடநூலிலோ சரிபார்த்து எழுதுங்கள். முதல் பத்தியிலேயே ஓர் ஆண்டு தப்பாக இருந்தால் பின்னால் வரும் சரியானவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

நேரக் கணக்கு

இரண்டு கட்டுரைக்கு 180 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 90. இதில் முதல் 15 முதல் 20 நிமிடம் முன்னுரையைத் தொடவே தொடாதீர்கள். விடைத்தாளில் வரைவுக்கு விட்டிருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தத் தலைப்புக்கு என் பதில் என்ன? கப்பல் தலைப்புக்கு அது "கிளம்ப வேண்டும், ஆனால் காற்றை அறிந்து" என்று இருக்கலாம். அதன் கீழே அந்தப் பதிலைத் தாங்கும் ஐந்தாறு துணைத்தலைப்புகள், எதிர்த்தரப்பு சொல்லக்கூடியது ஒன்று, முடிவில் எங்கே போய் நிற்கப் போகிறீர்கள் என்பது ஒன்று. இவ்வளவும் ஆன பிறகு முன்னுரை எழுத எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, ஏனென்றால் அப்போது உங்களிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

முன்னுரைக்கு அரைப் பக்கம் விட்டுவிட்டுக் கடைசியில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டுப் பயிற்சியில் செய்து பாருங்கள், நல்ல பயிற்சி. தேர்வறையில் வேண்டாம். நேரம் போதாமல் போனால் முதல் பக்கமே வெற்றாக நிற்கும், அதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலப் பயிற்சிக் குறிப்புகளில் 150 சொல் என்று இருக்கும். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே விஷயத்துக்குக் குறைந்த சொற்கள் போதும். 70 முதல் 100 சொல்லுக்குள் முடியுங்கள். நான் மேலே எழுதிய பத்தியும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

பயிற்சிக்கு ஒரு வழி: வாரத்துக்கு மூன்று தலைப்புகளை முந்தைய வினாத்தாள்களிலிருந்து எடுங்கள். முழுக் கட்டுரை ஒன்றுக்கு மட்டும். மற்ற இரண்டுக்கும் பதில் வாக்கியம், துணைத்தலைப்புகளின் பட்டியல், முன்னுரை மட்டும். எழுதிய முன்னுரையைத் தலைப்பைச் சொல்லாமல் வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டி, "இது எதைப் பத்தி? நான் என்ன சொல்ல வர்றேன்?" என்று கேளுங்கள். அம்மாவிடமே கேட்கலாம். தலைப்பை ஒட்டி அவர் பதில் சொன்னால் பத்தி தேறிவிட்டது. "நல்லாருக்கும்மா" என்று மட்டும் சொன்னால் திருப்பி எழுதுங்கள்.

இரண்டாவது கட்டுரை பாதியில் நின்றதற்கு முன்னுரை மட்டும் காரணமா என்பதையும் அடுத்த மாதிரித் தேர்வில் பார்த்துவிடுங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பத்தி முடியும்போதும் ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறியுங்கள். முதல் கட்டுரை 90 நிமிடத்தைத் தாண்டினால் எந்தப் பத்தியாக இருந்தாலும் இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அந்தத் தாளையும், ஓரத்தில் குறித்த நேரங்களோடு, எனக்கு அனுப்பி வையுங்கள். பிடிஎஃப்புக்கு எடுத்துவைத்த 1,500 ரூபாயில் கோடு போடாத வெள்ளைத் தாள் கட்டுகளும் நல்ல பேனாக்களும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க எழுதிப் பழக வேண்டியிருக்கிறது.